தீயும் ஆக்சிஜனும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. டீக்கடையில் ஒருவர் கேட்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில் தீயையும் ஆக்சிஜனையும் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் எரியுமா?

எரியாது. பாதிப் பேருக்குக் குழப்பமே இங்கேதான். ஹைட்ரஜன் நிரம்பிய ஜாடியின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று அந்த வாயுவே எரியும். ஆக்சிஜன் ஜாடியில் அப்படி நடக்காது. அணைந்து கங்கு மட்டும் மினுங்கும் ஈர்க்குச்சியை உள்ளே விட்டால், வாயு சும்மா இருக்கும், குச்சிதான் மறுபடி சுடர் விட்டுத் திகுதிகுவென்று எரியும். ஆய்வகத்தில் ஆக்சிஜனை அடையாளம் காண இன்றும் இதைத்தான் செய்கிறோம். 'ஆக்சிஜன் தீப்பிடித்தது' என்று செய்தியில் படித்தால், உண்மையில் எரிந்தது மெத்தையா, திரைச்சீலையா, பிளாஸ்டிக் குழாயா என்று கேளுங்கள்.

அப்படியானால் எரிகிறது என்றால் என்ன நடக்கிறது?

எரிபொருளில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. கார்பன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சேர்ந்தால் தண்ணீர். பழைய பிணைப்புகளைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிடப் புதிய பிணைப்புகள் அமையும்போது வெளிவருவது அதிகம். மிச்சமாகும் ஆற்றல்தான் நமக்குச் சூடாகவும் வெளிச்சமாகவும் கிடைக்கிறது.

கணக்கு சுலபம். 12 கிராம் கார்பன், 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஒரு கிலோ கரி முழுதாக எரிய ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ ஆக்சிஜன் வேண்டும். அடுப்பில் போடுகிற சரக்கைவிட, கண்ணுக்குத் தெரியாமல் காற்றிலிருந்து வந்து விழுகிற சரக்கு எடையில் கூடுதல். காசு கொடுத்து வாங்காததால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. விறகு நேரடியாகச் சுடர் விடுவதில்லை. சூட்டில் அதிலிருந்து கிளம்பும் ஆவிகள்தான் காற்றோடு கலந்து சுடராக எரிகின்றன. ஆவியெல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற கரி, சுடர் இல்லாமல் கங்காக எரியும்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்குதானே ஆக்சிஜன்? மீதி என்ன செய்கிறது?

சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான். எரிவதில் நைட்ரஜன் பெரும்பாலும் கலந்துகொள்வதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். நம் அடுப்புத் தீ இவ்வளவு சாதுவாக இருப்பதே அந்த நைட்ரஜன் புண்ணியத்தால்தான். அதை விலக்கிவிட்டால் என்ன ஆகும் என்று வெல்டிங் பட்டறையில் பார்க்கலாம்: ஆக்சிஜனும் அசெட்டிலினும் சேர்ந்த சுடர் 3,000 டிகிரி செல்சியசைத் தாண்டும், இரும்பு வெண்ணெய்போல வெட்டுப்படும்.

ஊதினால் விளக்கு அணைகிறது, அடுப்போ பற்றிக்கொள்கிறது. ஒரே மூச்சுக்கு எப்படி இரண்டு வேலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டு, அன்றைக்குப் பாடத்தையே நிறுத்திவிட்டு இதைப் பேசினோம்.

என் ஆச்சி, விளக்குக்கு உயிர் நுனியில், அடுப்புக்கு உயிர் அடியில் என்று சொல்வாள். அதையே கொஞ்சம் விரித்தால் போதும். அகல் விளக்கில் எரிவது திரி நுனியில் கிளம்பும் எண்ணெய் ஆவி. சுடர் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது, திரியில் தேங்கியிருக்கும் சூடும் கொஞ்சம்தான். ஊதும்போது சுடர் ஆவியை விட்டுப் பிரிந்து தள்ளிப்போகிறது, திரியும் குளிர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் வந்தும் பயனில்லை, பற்றவைக்கச் சூடு இல்லை.

அடுப்பில் நிலைமை வேறு. கங்குகளுக்குள் ஏராளமான சூடு தேங்கிக் கிடக்கிறது. அங்கே குறைவது ஆக்சிஜன் மட்டும்தான், ஏனென்றால் சாம்பல் போர்வைபோல் மூடி, காற்றை அண்டவிடாமல் செய்கிறது. ஊதாங்குழலை வைத்து ஒரு ஊது ஊதினால் சாம்பல் பறக்கிறது, புதுக் காற்று கங்கைத் தொடுகிறது, கருஞ்சிவப்பு ஆரஞ்சாக மாறுகிறது. இரண்டாவது ஊதலில் சுள்ளி 'குப்'பென்று பிடிக்கும்.

'நாம் ஊதுவது கெட்ட காற்றாச்சே' என்று அடுத்த கேள்வி வரும். வெளிவிடும் மூச்சிலும் 16 சதவீத ஆக்சிஜன் இருக்கிறது. தவிர, ஊதுகிற வேகத்தில் சுற்றியுள்ள காற்றும் கூடவே இழுபட்டுப் போகிறது. அதனால்தான் ஊதாங்குழலைக் கங்கில் ஒட்டவைத்து ஊதாமல் நாலு விரல் தள்ளி ஊதுவது நல்லது. ஆச்சி அப்படித்தான் ஊதுவாள், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கொல்லர் பட்டறைத் துருத்தி இதன் பெரிய அண்ணன். அது தள்ளுவது முழுக்கப் புதுக் காற்று, அதுவும் விடாமல். கவனிக்காமல் துருத்தியை ஓட்டிக்கொண்டே இருந்தால் உலையில் வைத்த கம்பி நுனி பூப்பூவாய்ப் பொறி பறக்க எரிந்துபோகும். இரும்பும் எரியும், கேட்கிற அளவு ஆக்சிஜனும் சூடும் கொடுத்தால்.

கார்த்திகைக்கு மாவளி சுற்றும்போது மட்டும் ஏன் அவ்வளவு பொறி?

பார்க்காதவர்களுக்காக முதலில் செய்முறை. ஆண் பனையில் வரும் பூங்கதிரைக் காயவைத்துக் குழியில் போட்டு எரித்து, முழுக்கச் சாம்பலாகும் முன் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். கிடைக்கும் கரியை இடித்துப் பொடியாக்கி, பழைய துணியில் நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டிக் கட்டுவார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நீளக் கயிற்றில் தொங்கவிட்டு, நுனியில் ஒரு கங்கை வைத்துச் சுற்றினால், இருட்டில் தலைக்கு மேலே பொற்சக்கரம்.

சும்மா தொங்கவிட்டால் அது புகைந்துகொண்டு கிடக்கும். சுற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு நொடியும் புதுக் காற்று அதன்மேல் மோதுகிறது. சிவந்த கரித்தூள் துணியின் ஓட்டை வழியே உதிர்ந்து பறக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆக்சிஜன். அளவு சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் காற்று படும் பரப்பு கூடும். பெரிய கட்டை ஒரு மணி நேரத்தில் செய்கிற வேலையைப் பொடி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். மாவு மில்லிலும் மரம் அறுக்கும் பட்டறையிலும் காற்றில் மிதக்கும் தூசிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

இதில் நான் ரசிப்பது அந்தக் குழியை மூடுகிற கணத்தை. ஒரு நிமிடம் தாமதித்தால் சாம்பல். மாவளிக்குச் சாம்பல் ஆகாது, அது ஏற்கெனவே எரிந்து தீர்ந்த சரக்கு.

கரி மூட்டத்தில் விறகு உள்ளே எரிகிறது, ஆனால் எரிந்துபோகவில்லை. எப்படி?

மேலே சொன்ன குழியின் பெரிய வடிவம்தான். உடைமுள் என்று நாம் சொல்லும் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் பூசி மூடுவார்கள். தீ வைத்த பிறகு பக்கவாட்டில் சில ஓட்டைகள் மட்டும் திறந்திருக்கும். உள்ளே போகும் கொஞ்சக் காற்றில் கொஞ்ச விறகு எரியும். அந்தச் சூட்டில் மற்ற விறகிலிருந்து தண்ணீரும் ஆவிகளும் வெளியேறும். கார்பனை எரிக்கப் போதிய ஆக்சிஜன் இல்லாததால் அது கரியாக அங்கேயே தங்கிவிடும்.

மூட்டம் போடுகிறவர் பகலும் இரவும் அதைச் சுற்றி வருவது புகையைப் படிப்பதற்காக. முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அதில் பெரும்பங்கு நீராவி. பிறகு மஞ்சள் கலந்து நெடியடிக்கும். கடைசியில் மெல்லிய நீலமாகி இல்லாததுபோல் ஆகும். அப்போது ஓட்டைகளை எல்லாம் மண் வைத்து அடைக்க வேண்டும். எங்காவது மண் வெடித்து விரிசல் விட்டிருந்தால் அந்த இடத்துக் கட்டை சாம்பல். அவசரப்பட்டுச் சூட்டோடு பிரித்தால் காற்று பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். நாட்கணக்கில் ஆறப்போட்டுத்தான் பிரிக்க வேண்டும். போட்ட விறகின் எடையில் கால் பங்குகூடக் கரியாகத் தேறாது. ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் விறகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு தரும்.

ஈர விறகு ஏன் இப்படிப் புகைகிறது?

விறகில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடுகிறது. மரத்திலிருந்து கிளம்பும் ஆவிகள் பற்றிக்கொள்ளும் சூடு கிடைக்காமல், ஆக்சிஜன் பக்கத்திலேயே இருந்தும், எரியாமல் தப்பிப் போகின்றன. அதுதான் கண்ணைக் கரிக்கும் புகை. உடன்குடி, திசையன்விளைப் பக்கம் விடிலி என்னும் பனையோலைக் குடிசையில் பதநீர் காய்ச்சுகிறவர்கள் காவோலையையும் காய்ந்த மட்டையையும் முன்கூட்டியே சேர்த்துவைப்பது சும்மாவா? புகை கூடினால் கருப்பட்டியிலும் வாடை ஏறும்.

காஸ் அடுப்பில் தீ மஞ்சளாக எரிகிறது, சட்டி அடியெல்லாம் கரி. காஸ் கலப்படமா?

கலப்படத்தைவிட அடைப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். ஒரு லிட்டர் காஸ் முழுதாக எரிய 25 முதல் 30 லிட்டர் காற்று வேண்டும். அடுப்புக் குழாயில் காஸ் சீறிப் பாயும்போது பக்கத்து ஓட்டை வழியே காற்றையும் இழுத்துக்கொண்டுதான் பர்னருக்குப் போகிறது. அப்படிக் கலந்து வந்தால் நீலச் சுடர். அந்த ஓட்டையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் அடைத்துக்கொண்டால், அல்லது பால் பொங்கி பர்னர் கண்கள் மூடிக்கொண்டால், கலவை கெட்டுவிடும். எரியாத கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். சட்டி அடியில் ஒட்டுவதும் அவைதான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பழுது பார்க்க வந்த தம்பி, 'சார், அடுப்பு பழசாயிட்டு, புதுசு வாங்கிருங்க' என்றார். அவர் போன பிறகு பர்னரைக் கழற்றி, ஊறவைத்து, ஊசியால் கண்களைக் குத்திக் காயவைத்து மாட்டினேன். அரை மணி நேர வேலை. அந்த அடுப்பு இன்னும் ஓடுகிறது. பர்னரைத் தாண்டி ரெகுலேட்டர், ரப்பர் குழாய் பக்கம் மட்டும் நாமே கை வைக்கக்கூடாது.

சமையலறையில் ஜன்னல் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ காஸுக்கு சுமார் பதினைந்தரை கிலோ காற்று வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீருவதற்குள் 220 கிலோ காற்று செலவாகும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் அதில் இருப்பது 33 கிலோ காற்று. ஆறேழு அறைக் காற்றை ஒரு சிலிண்டர் குடித்துவிடும்.

மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து ஆள் இறப்பாரா?

இறப்பார், ஆனால் பெரும்பாலும் ஆக்சிஜன் தீருவதற்கு முன்பே. காற்று குறையும்போது கார்பன் பாதி வழியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கம். எழுந்திருக்க வேண்டும் என்ற நினைப்பே வராது.

நம் ஊர் வெயிலில் யார் கரியடுப்பு வைத்துத் தூங்கப்போகிறார்கள் என்று நினைக்கலாம். மலைப்பக்கம் குளிருக்குப் போகிறவர்கள் செய்வதுண்டு. ஊருக்குள்ளும் அதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது: கரண்ட் போனதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே ஜெனரேட்டர் ஓட்டுவது, கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கித் தண்ணீர் இறைப்பது.

இந்த வாயு வீண்செலவும்கூட. கார்பன் முழுதாக எரிந்தால் கிடைக்கும் சூட்டில், மோனாக்சைடோடு நின்றால் கிடைப்பது 28 சதவீதம்தான்.

கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அது சரியா?

பாதி சரி. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது மெழுகுவர்த்திச் சுடர் நிற்காது. ஆகவே விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆளைக் கொல்கிற அளவில் இருந்தாலும் விளக்கு நிம்மதியாக எரியும். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கக் காரணமாகிவிடும். பாழுங்கிணறு, உறைகிணறு, செப்டிக் டேங்க் எதுவானாலும் வாயு அளக்கும் கருவி இல்லாமல் இறங்கக்கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பாசத்தில் இன்னொருவர் குதிப்பதுதான் நம்மிடம் இருக்கும் பெரிய கஷ்டம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகும். மேலே நின்றபடியே தீயணைப்பு நிலையத்துக்கு, 101க்கு, போன் பண்ணுங்கள்.

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே டம்ளர். தண்ணீர் ஏறுவது ஆக்சிஜன் தீர்ந்ததால்தானே?

நானும் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தப்பு. கவனித்துப் பாருங்கள்: சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். கவிழ்க்கும்போது டம்ளருக்குள் இருந்த காற்று சூட்டில் விரிந்திருந்தது, கொஞ்சம் குமிழாக வெளியேறியும் இருக்கும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. ஆக்சிஜனும் முழுக்கத் தீர்ந்திருக்காது. 21இலிருந்து 16க்கு வரும்போதே சுடர் அணைந்துவிடுமே! போன ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியவர்கள் எல்லாரும் விடையைத் தெரிந்துகொண்டு அளந்தவர்கள். நான் உட்பட.

தீக்குச்சி உரசியதும் ஏன் 'சர்ர்' என்று சீறுகிறது?

கோவில்பட்டிக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அது 1986 வரை நம் மாவட்டம்தான், தூத்துக்குடி பிரிந்தபோது அங்கே போய்விட்டது. குச்சியின் தலையில் இருக்கும் முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட். சூடானால் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும் உப்பு. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசலில் இரண்டும் துளியூண்டு சேர்ந்து பற்ற, தலையில் உள்ள கந்தகம் அந்த ஆக்சிஜனில் எரிகிறது. அந்தச் சீறல் வெளிக்காற்றை எதிர்பார்க்காத தீ. அடுத்த நொடி, மெழுகில் தோய்த்த குச்சிக்குத் தீ இறங்கும்போதுதான் காற்றின் ஆக்சிஜன் தேவைப்படும். கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய ஜாடிக்குள் உரசினால் தலை மட்டும் சீறிவிட்டு நின்றுவிடும்.

பட்டாசு மண்ணுக்குள்ளும் வெடிக்கிறதே?

அதே சங்கதி. கருமருந்தில் கரியும் கந்தகமும் எரிபொருள், வெடியுப்பு ஆக்சிஜன் பொட்டலம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறவனுக்கு வழியில் ஓட்டல் இல்லாவிட்டால் என்ன?

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்கு ஏன் ஆக்சிஜனைத் திரவமாக்குகிறார்கள்?

பணகுடி தாண்டி நாகர்கோவில் போகும்போது வலது பக்கம் மலை தெரியும், அந்த அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், இறங்கும் விமானம், போகிற வழியிலேயே காற்றை உறிஞ்சி எரிபொருளை எரிக்கும். ராக்கெட் காற்றே இல்லாத இடத்துக்குப் போகிறது, ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். வாயுவாக எடுத்துப்போனால் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் காணாது. மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்வித்தால் வெளிர் நீலத் திரவமாகிவிடும், ஒரு லிட்டரே 1.14 கிலோ.

இப்படிக் கடுங்குளிரில் திரவமாக்கியதை எரிக்கும் எஞ்சினுக்குக் கிரையோஜெனிக் எஞ்சின் என்று பெயர். அதில் ஆக்சிஜனோடு சேர்த்து எரிப்பது திரவ ஹைட்ரஜன். அது மைனஸ் 253 டிகிரி. ஹைட்ரஜன் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு எட்டு கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆனால் இந்த எஞ்சின்களில் ஏறக்குறைய ஐந்து கிலோதான் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் ஹைட்ரஜனை எரியாமல் விடுகிறார்கள். எடை குறைந்த வாயு அதிக வேகத்தில் வெளியேறும், எஞ்சினின் சூடும் கட்டுக்குள் இருக்கும். சமையலறையில் தப்பு என்று நான் சொன்ன அரைகுறை எரிதல் அங்கே கணக்குப் போட்டுச் செய்யப்படுகிறது.

நம் நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் முதல் வெற்றி கண்டது 2014 ஜனவரி 5. சந்திரயான் 3ஐ 2023 ஜூலையில் ஏற்றிக்கொண்டு போன எல்விஎம் 3 ராக்கெட்டின் மேல் நிலையிலும் இப்படிப்பட்ட எஞ்சின்தான். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021இல், இந்த வளாகத்திலிருந்து திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கும் போனது.

கூடங்குளத்தில் எரிவதற்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

அங்கே எதுவும் எரியவில்லை. 'எரிபொருள்' என்ற சொல் செய்த குழப்பம். யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபட்டுச் சூடு வருகிறது, ஆக்சிஜனுக்கு அதில் வேலை இல்லை. சூரியனும் அப்படியே, அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. சூரியனில் ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் காரணம் அது இல்லை.

ஆக்சிஜன் சிலிண்டர் வால்வுக்கு எண்ணெய் போடலாமா? திருகு இறுக்கமாக இருக்கிறது.

கூடவே கூடாது. அழுத்தமான சுத்த ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீசும் சின்னப் பொறிகூட இல்லாமல் பற்றிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் தடவிய கையால்கூடத் தொடாதீர்கள். வீட்டில் நோயாளிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தால் அந்த அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். கசிந்த ஆக்சிஜன் போர்வையிலும் தலையணையிலும் தங்கியிருக்கும். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலத்தின் தரைச் சோதனையில், உள்ளே சுத்த ஆக்சிஜன் நிரப்பியிருந்த நிலையில் தீப்பிடித்து, சில நொடிகளில் பரவி, மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள்.

எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால்?

அடுப்பை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய மூடியையோ தட்டையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். திறந்தால் கரி மூட்டம் கதைதான், காற்று பட்டதும் மறுபடி பிடிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள்.

தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் நீராவியாகி, சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெயைத் துளித்துளியாகக் காற்றில் சிதறடிக்கும். மாவளிப் பொறி எப்படி என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையே கொதிக்கிற எண்ணெயில், உங்கள் முகத்துக்கு நேரே நினைத்துப்பாருங்கள்.

தீ வைக்காமலே வைக்கோல் படப்பு எரியுமா? பகைக்காரன் வேலையா?

பகைக்காரனாகவும் இருக்கலாம், ஆனால் அவன் இல்லாமலும் நடக்கும். கார் அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் வைக்கோலைச் சரியாகக் காயவிடாமல் படப்பு போடுவார்கள். ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளப்பும். அந்தச் சூட்டில் வைக்கோல் மெதுவாக ஆக்சிஜனோடு சேர ஆரம்பிக்கும், அதில் இன்னும் சூடு வரும். படப்பின் நடுவிலிருந்து சூடு வெளியேற வழியில்லை. நாட்கணக்கில் ஏறி ஏறி ஒருநாள் பற்றும். கையை உள்ளே விட்டால் சுடுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வந்தால் அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள், புதுக் காற்று போய்விடும். தண்ணீரையும் தீயணைப்பு ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது யார்?

மூன்று பேர் பங்கு உண்டு. சுவீடனின் ஷீலே முதலில் தயாரித்தார், ஆனால் அச்சிட்டு வெளியிட 1777 ஆகிவிட்டது. இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று சிவப்புப் பாதரச ஆக்சைடைப் பூதக்கண்ணாடி வெயிலில் சூடாக்கிப் பிடித்தார். ஆனால் எரியும் பொருளிலிருந்து 'ஃப்ளோஜிஸ்டன்' என்று ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய எண்ணத்தை அவர் கடைசிவரை விடவில்லை. தராசை வைத்து அளந்து, எரிதல் என்பது வெளியேறுவது இல்லை, காற்றின் ஒரு பகுதியோடு சேர்வது என்று காட்டியவர் பிரான்சின் லவாய்சியே. ஆக்சிஜன் என்ற பெயரும் அவர் வைத்ததே. 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று நினைத்து வைத்த பெயர், அது தவறு. நாம் சொல்லும் பிராணவாயு, உயிர்வளி இரண்டுமே அதைவிடப் பொருத்தம்.

அகத்தியர் மலை உச்சியில் தீ மூட்டுவது கஷ்டமா?

1,868 மீட்டர் உயரத்திலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றே கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், அவ்வளவுதான். தீ பிடிக்காவிட்டால் ஈர விறகைக் குறை சொல்லுங்கள். அதிருக்கட்டும், அது காப்புக்காடு, அங்கே தீ மூட்டக்கூடாது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லுங்கள்.

மெழுகுவர்த்தியை இரண்டு நிமிடம் எரியவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இன்னொரு தீக்குச்சியைப் பற்றவைத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை லேசாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை நூல்போல மேலே எழும். அது புகை இல்லை, எரியாமல் கிளம்பும் மெழுகு ஆவி. திரிக்கு இரண்டு விரல்கடை மேலே, அந்த நூலைத் தீக்குச்சியால் தொடுங்கள். தீ நூல் வழியே கீழே குதித்துத் திரியில் உட்காரும். முதல் தடவையே வராது. எனக்கு ஐந்தாவது தடவைதான் வந்தது, பேத்திக்கு இரண்டாவதிலேயே வந்துவிட்டது.